கதவைத் தட்டிப் பாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு சிவில் பிரிவு மாணவி, திருத்துறைப்பூண்டி)

ஆண்டு மலருக்குப் படைப்புகள் தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் போட்டதும் நானும் ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்குக் கொஞ்சம் உருப்படியாகத் தெரிந்த விஷயம் என்று யோசித்துப் பார்த்தால், அது கதவு. தேர் மாதிரி வேலைப்பாடு செய்த வாசற்கதவு அல்ல. பிளைவுட் கடைகளில் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்களே, ஒரு பூ, ஒரு கோடு கூட இல்லாத மொட்டைக் கதவு, அதுதான். ஃப்ளஷ் டோர் என்று நாம் பில்டிங் கன்ஸ்ட்ரக்ஷன் பாடத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்து போகிற அதே கதவு.

முதலாண்டில் எனக்கு என்ஜினியரிங் கிராஃபிக்ஸில் அரியர் விழுந்தது. பாடம் புரியாமல் மட்டும் அல்ல. (புரியாததும் கொஞ்சம் உண்டு; ஐசோமெட்ரிக் இன்றைக்கும் எனக்குத் தகராறுதான்.) எங்களுடையது ஓர் அறைத் தொகுப்பு வீடு. மேசை என்ற பொருள் எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. தேவைப்படவும் இல்லை. அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாமே தரையில்தான். பத்தாம் வகுப்பு வரைக்கும் அது ஒரு குறையாகவே எனக்குத் தெரியவில்லை.

டிராயிங் போர்டு வந்த பிறகுதான் தெரிந்தது. மினி டிராஃப்டரைப் போர்டின் மேல் ஓரத்தில் கவ்வ வைத்து, அடியில் இருக்கும் திருகை முடுக்க வேண்டும் அல்லவா? போர்டு தரையில் கிடந்தால் அந்தத் திருகு தரையில் இடிக்கும். போர்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடும். அடியில் செங்கல் கொடுத்துப் பார்த்தேன், செங்கல் நகர்ந்தது. குப்புறப் படுத்து வரைந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு தாங்காது. இதற்கு நடுவில் தம்பி தாண்டிப் போனால் ஷீட்டில் கால் தடம்! ஒரு மேசை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். ஃபர்னிச்சர் கடையில் விசாரித்துவிட்டு வந்து, "சம்பா கொள்முதல் முடியட்டும் பாப்பா" என்றார். சம்பா முடிந்தது. மேசை வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

கதவு நினைவுக்கு வந்தது வேறு விதமாக. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் கூரை அன்று போனது. ஊரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். தரை முழுக்க ஈரம். அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் போய், விழுந்து கிடந்த எங்கள் வீட்டுக் கதவைத் தூக்கி வந்து, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் போட்டு, அதன் மேல் பாட்டியைப் படுக்க வைத்தார்கள். பாட்டி அந்தக் கதவில்தான் ஒரு வாரம் படுத்திருந்தது. ஆகவே கதவு படுத்தால் கட்டில் ஆகும் என்பது எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். மேசையாகவும் ஆகும் என்று தோன்றப் பதினேழு வயதாகிவிட்டது.

முதல் கதவு கற்றுக் கொடுத்தது

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில், இடித்த கட்டடச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளஷ் கதவு வாங்கினோம். ஏழடிக்கு மூன்றடி. அப்பா அதை ஒற்றைக் கையால் தூக்கிச் சைக்கிள் கேரியரில் வைத்தார். "கனமே இல்லையே, நல்ல சரக்கு" என்று எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

நான்கு மூலைகளிலும் நான்கு கால் வைத்து, எல் ஆங்கிள் போட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். பார்க்க மேசை மாதிரியே இருந்தது. அப்பாவுக்கு எந்தப் பொருளையும் ஒரே ஒரு முறையில்தான் சோதிக்கத் தெரியும். ஒரு நெல் மூட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கொள்முதல் நிலையத்து மூட்டைக் கணக்கு 40 கிலோ. மேசை நின்றது. "பரவால்லையே" என்று சொல்லிக்கொண்டே லேசாக நகர்த்தினார். பின்னங்கால் இரண்டும் ஸ்க்ரூவோடு பிய்த்துக்கொண்டு வந்தன. மூட்டை, கதவு, அடியில் இருந்த தம்பியின் புத்தகப்பை எல்லாம் தரையில். நல்லவேளை தம்பி அங்கே இல்லை. அப்பா திட்டவில்லை. "படிச்ச பிள்ளை செஞ்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிய்ந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். உள்ளே மரமே இல்லை! இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட் தோல். நடுவில் தேன்கூடு மாதிரி அறுகோண அறுகோணமாக அட்டைக் காகிதம். சுற்றி நான்கு ஓரத்திலும் ஒன்றரை அங்குல அகலத்துக்குக் கட்டை. பூட்டு வரும் இடத்தில் மட்டும் ஒரு முழக் கட்டை. மற்றதெல்லாம் காற்று. நான் ஸ்க்ரூ போட்டது அந்தத் தோலில். மூன்று நான்கு மில்லிமீட்டர் தோலை ஸ்க்ரூ எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருக்கும்?

இதை ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். கதவாக நிற்கும்போது அதற்கு உள்ளே மரம் தேவையில்லை. கீல் ஓரத்துக் கட்டையில் மாட்டுகிறது, பூட்டு பூட்டுக் கட்டையில் மாட்டுகிறது. நடுப்பகுதி மறைப்பதற்கு மட்டும்தான். கனம் குறைந்தால் கீலுக்கும் நல்லது. இந்திய தர நிர்ணயத்தில் இந்த உள்கூடான கதவுகளுக்கு ஐ.எஸ். 2191 என்றும், உள்ளே கட்டை நிரப்பிய கதவுகளுக்கு ஐ.எஸ். 2202 என்றும் தனித்தனியாகவே இருக்கிறது. கதவைப் படுக்க வைத்து, செய்யாத வேலையைச் செய்யச் சொன்னது நான்தானே!

எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் முட்டியால் தட்டுங்கள். ஓரத்தில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. இரண்டும் ஒரே மாதிரி 'தொப்' என்று கேட்டால் உள்ளே கட்டை. ஓரத்தில் 'தொப்', நடுவில் தவில் மாதிரி 'டம்' என்றால் கூடு. அடுத்தது தூக்கிப் பார்ப்பது. 30 மி.மீ. கனத்தில் ஏழடிக்கு மூன்றடிக் கட்டைக் கதவு ஏறத்தாழ 35 கிலோ வரும். அப்பா கணக்கில் சொன்னால், மூட்டையை விடக் கொஞ்சம் கம்மி.

கூட்டுக் கதவும் வீண் இல்லை. அதைப் பிறகு குறுக்கே அறுத்தோம். அறுத்த வாயில் காகிதம் தெரியும். அந்தக் காகிதத்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, இடைவெளியின் கனத்துக்குச் சரியாக ஒரு ரீப்பரைச் சீவி, ஃபெவிகால் தடவிச் செருகி, இரண்டு பக்கமும் சின்ன ஆணி அடித்தால் புது ஓரம் தயார். ஒரு பாதி இப்போது எங்கள் அறையில் அம்மா துணி மாற்றும் மறைப்புத் தட்டி. கனம் குறைவு என்பதால் கீல் போட்டுச் சுவரிலேயே மாட்டிவிட்டோம். இன்னொரு பாதி பரண் மாதிரி இருக்கிறது, ஆனால் பாய் தலையணை மட்டும்தான் அதன் மேல் வைக்கலாம்.

இரண்டாவது கதவு

இந்த முறை பிளைவுட் கடைக்கே போனோம். கட்டைக் கதவைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஏழுக்கு மூன்று என்றால் 21 சதுர அடி. ஒரு மூலை இறக்கும்போது நசுங்கிப் போனதால் யாரும் வாங்காமல் பின்னால் கிடந்த ஒன்றை 950 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மூலை நசுங்கினால் கதவுக்கு ஆகாது, மேசைக்கு என்ன? சுவர் பக்கம் திருப்பி வைத்தால் போயிற்று.

இங்கே கொஞ்சம் பாடம். வெறும் பலகை ஏன் வளைகிறது? மரம் ஈரம் குடித்தால் இழைக்குக் குறுக்கே நன்றாக உப்பும், இழையின் நீளவாக்கில் மிகக் கொஞ்சமே நீளும். ஃப்ளஷ் கதவில் உள்ளே சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டி, அதன் மேல் இழை குறுக்காகப் போகிற மெல்லிய தகடு, அதற்கு மேல் மறுபடி நெடுக்காக ஒன்று என்று ஒட்டுகிறார்கள். ஒன்று உப்பப் பார்த்தால் இன்னொன்று பிடித்து நிறுத்தும். இரண்டு முகத்திலும் இதே அமைப்பு இருப்பதால் இழுவை சரிசமமாகி, ஏழடிக் கதவு நேராக நிற்கிறது. இந்தச் சமநிலையைக் கெடுக்கக் கூடாது. மேல் முகத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்து அடி முகத்தை அப்படியே விட்டால், அடி முகம் மட்டும் ஈரம் குடிக்கும். மைக்கா ஒட்டினாலும் இதே கதைதான். அடிமுகம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அறுத்த ஓரங்களுக்கும் சேர்த்து அடிக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் வீட்டுத் தரை ஒரு வாரத்துக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். கடையில் எதைக் கேட்டாலும் "வாட்டர் ப்ரூஃப்மா" என்கிறார்கள். பிளைவுட்டில் தண்ணீரைத் தாங்குவது மரம் இல்லை, பசை. யூரியா பசை போட்டது ஈரக்காற்றைத் தாங்கும், ஊறினால் விட்டுவிடும். ஃபீனால் பசை போட்டது கொதிநீரையும் தாங்கும். ஐ.எஸ். 303 தரத்தில் கொதிநீர் தாங்கும் ரகத்தை 8 மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் சோதிக்கிறார்கள். நான் ஒரு துண்டை அலுமினியப் பாத்திரத்தில் போட்டு விறகடுப்பில் வைத்தேன். "சோறாக்குற அடுப்புல மரத்தையா வேக வைக்கிற?" என்று அம்மா கேட்டது தெருவுக்கே கேட்டது. இரண்டு மணி நேரத்தில் துண்டு அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. ஆக, நான் வாங்கியது யூரியா பசை. தெரிந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு பூச்சுக்குப் பதில் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தோம்.

கால் எங்கே வைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதல் மேசையில் காலை மூலையில் வைத்தேன், எல்லா மேசையிலும் அப்படித்தானே இருக்கிறது என்று. இந்த முறை ஸ்க்ரூ போடுவதற்கு முன்பு செங்கல் அடுக்கி அதன் மேல் கதவைப் போட்டுப் பார்த்தோம். கதவின் இரண்டு முனைகளிலும் ஆணி அடித்து ஒரு நூலை இறுக்கிக் கட்டினேன். நடுவில் நூலுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டேன். பிறகு அப்பா இரண்டு மூட்டைகளை நடுவில் வைத்தார்.

செங்கல் இரண்டு முனைகளிலும், அதாவது ஆறரை அடி இடைவெளியில் இருந்தபோது கதவு 13 மி.மீ. தொங்கியது. செங்கலை உள்ளே தள்ளி நான்கடி இடைவெளி ஆக்கினோம். 3 மி.மீ.தான்! அப்பா நம்பாமல் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே 3. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் தொய்வு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும் என்று படித்தோமே, அது இதுதான். ஆறரையை நான்கால் வகுத்து மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், நான்கே காலுக்கு மேல் வரும். பதின்மூன்றை அதால் வகுத்தால் மூன்று. சூத்திரம் பரீட்சைத் தாளில் மட்டும்தான் சரியாக வரும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு முற்றத்தில், செங்கலும் நெல் மூட்டையும் வைத்து வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையாகாது. கனமும் அப்படித்தான், அதன் மூன்றாம் அடுக்கில் விறைப்புக் கூடும். 19 மி.மீ. பலகையை விட 30 மி.மீ. கதவு, மரம் ஒரே தரம் என்றால், நான்கு மடங்கு விறைப்பு. ஒரு சாதாரணக் கதவை மேசைப் பலகையாகப் போடுவதில் உள்ள லாபமே இதுதான்.

அப்போது எங்கள் தெரு ஆசாரி மாமா வந்தார். மூட்டைகளை இறக்கியாயிற்று. "என்னம்மா, கதவுக்குப் பரீட்சையா?" என்று கேட்டபடி டீ கிளாஸோடு கதவின் ஒரு முனையில் உட்கார்ந்தார். மறு முனை ஜிவ்வென்று மேலே போனது. மாமா தரையில், டீ மாமா மேல்!

கணக்கு அதுவும் சரிதான். நான்கடி இடைவெளி என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாமா 60 கிலோ. செங்கலிலிருந்து 18 அங்குலத்தில் உட்கார்ந்தார். பெருக்கினால் 1080. கதவின் 35 கிலோ அதன் நடுவில், 24 அங்குலத்தில். 840. மாமா ஜெயித்துவிட்டார். செங்கலை ஐந்தடிக்கு நகர்த்தினால் மாமா பக்கம் 720, கதவு பக்கம் 1050. கவிழாது. தொய்வு 6 மி.மீ. ஆகும். இரண்டு மூட்டைக்குத்தானே ஆறு? என் டிராயிங் போர்டுக்கு அது ஒன்றுமே இல்லை. ஐந்தடி என்று முடிவு செய்தோம். தொய்வை மட்டும் பார்த்து நான்கடியில் ஸ்க்ரூ போட்டிருந்தால் என்றைக்காவது தம்பி ஏறி உட்கார்ந்து தலைகீழாகப் போயிருப்பான்.

காலுக்குப் பூவரசு. நம் பக்கத்தில் வாய்க்கால் கரையெல்லாம் இருக்கிற மரம், வண்டி வேலைக்கும் ஆகும். மாமா இரண்டு கால்களையும் மேலே ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்து, அந்த மாதிரி இரண்டு ஜோடி செய்து கொடுத்தார். சட்டம் மூன்றடி அகலம் முழுக்கப் போவதால் ஸ்க்ரூவைப் பல இடங்களில் பரவலாகப் போடலாம். சட்டத்தின் கனம் ஓர் அங்குலம், ஸ்க்ரூ இரண்டு அங்குலம். கதவுக்குள் ஓர் அங்குலம் இறங்கும். இரண்டரை அங்குலம் போட்டால் மேலே முளைத்துவிடும், ஜாக்கிரதை! முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு முடுக்கினால் கட்டை வெடிக்காது. மேசை உயரம் 75 செ.மீ., அதில் கதவு 3, மீதி 72 கால். ஒவ்வொரு காலின் அடியிலும் பி.வி.சி. பைப்புக்குப் போடும் மூடியைச் செருப்பு மாதிரி மாட்டினோம். தரை ஈரம் மரத்தில் ஏறாது. கரையானுக்கும் அது ஒரு தடைதான், ஆனாலும் வாரம் ஒரு தடவை காலில் மண் கோடு ஏறுகிறதா என்று பார்த்துவிடுவேன்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். கதவு 950, பூவரசு 600, ஸ்க்ரூவும் ஃபெவிகாலும் 180, வார்னிஷ் 250, மூடிகள் 60. மொத்தம் 2040. மாமா கூலி வாங்கவில்லை, டீ மட்டும் இன்னொரு முறை வாங்கிக் கொடுத்தோம். முதல் கதவின் 350 ரூபாயைச் செமஸ்டர் ஃபீஸில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கதவு மேசை உலகத்துக்குப் புதிதல்ல. அமேசான் கம்பெனியை 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப் பெஸோஸ் ஆரம்பித்த புதிதில், மேசை வாங்கக் காசைச் செலவழிக்காமல் கடையில் கதவு வாங்கிக் கட்டைக் கால் அடித்துத்தான் உட்கார்ந்தார்களாம். 'டோர் டெஸ்க்' என்று அந்தக் கம்பெனியில் அதற்குப் பெயரே உண்டு. (அவர் கோடீஸ்வரர் ஆனதற்கு மேசை காரணம் இல்லை, எனவே என்னை நம்பிக் கடன் கொடுக்க வேண்டாம்.) நம் பக்கம் காரைக்குடியில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளைப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். அவற்றை வாங்கி, மேலே கண்ணாடி போட்டு மேசை செய்கிறவர்கள் உண்டு. அழகுதான். ஆனால் அதைச் செய்கிறவர்கள் வீட்டில் மேசை இல்லாமல் செய்வதில்லை.

எங்கள் மேசையின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் தம்பி. மூன்றடி அகலம் என்பதால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தாலும் இடிக்காது. டிராஃப்டர் திருகு அடியில் தாராளமாகத் திரும்புகிறது. அரியர் பேப்பரை அடுத்த தடவையே எழுதிப் பாஸ் செய்தேன். மழைக்காலத்தில் அம்மா ரேஷன் அரிசிச் சாக்கை மேசை மேல் ஏற்றிவிடுகிறார். அந்த ஒரு வாரம் எனக்குப் பாதி மேசைதான்.

அந்தச் சாக்குக்காகவே இப்போது மூன்றாவது கதவு. தண்ணீர் ஏறாத உயரத்தில், சுவரோரமாக நீளமாக ஒரு மேடை வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அதே பிளைவுட் கடைக்குப் போனோம். பையன் வெளியே சாத்தியிருந்த ஒன்றைக் காட்டி, "இது நல்லா இருக்கும் சார்" என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. ஓரத்தில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது காலி. அடுத்ததைக் காட்டு தம்பி" என்றார்.